பொட்டு வைத்த பிளாப்பியும் பாளையங்கோட்டை டீச்சரும்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஒற்றெழுத்து எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அட்டைப்பெட்டிகளின் மேல், எழுத்து வெட்டிய தகரத்தை வைத்து மை பூசியதுதான். எழுத்து தகரத்தினுடையது, பூச்சு மட்டும் என்னுடையது. ஆகவே படிக்கிறவர்கள் தப்புகளைத் தள்ளிவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இது நேரில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். எனக்கு நேரில் வாய் வராது.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு அப்பளக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டின் பின்கட்டில் பத்துப் பதினைந்து பெண்கள் உட்கார்ந்து அப்பளம் இடுவார்கள். நான் காய்ந்ததை அடுக்கி, கட்டி, பெட்டியில் போட்டு, பெயர் பூசி, திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். முதலாளி இறந்த பிறகு முதலாளியம்மாதான் நடத்துகிறார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய கொழுந்தனார் மளிகைக்கடை வைத்திருக்கிறார். கம்பெனியில் அவருக்குப் பங்கு கிடையாது, ஆனால் எல்லாவற்றிலும் ஒரு வார்த்தை உண்டு.

போன வருஷம் ஐப்பசிக்குக் கொஞ்சம் முன்னால் எங்களுக்கு ஒரு துபாய் ஆர்டர் வந்தது. அங்கே கடை வைத்திருக்கும் மேலப்பாளையத்துக்காரர் ஒருவர், லீவில் ஊருக்கு வந்தவர், எங்கள் அப்பளத்தை யார் வீட்டிலோ சாப்பிட்டுவிட்டுத் தேடிக்கொண்டு வந்தார். எங்களுக்கு மழைக்காலம் என்றால் வேலை படுத்துவிடும். வெயில் இல்லாமல் அப்பளம் காயாது. பெண்கள் வீட்டில் சும்மா இருப்பார்கள். இந்த ஆர்டருக்கு முன்கூட்டியே வெயிலில் போட்டு எடுத்து வைத்துவிட்டால் அந்த மாதங்களைத் தாண்டிவிடலாம் என்று அக்கா கணக்குப் போட்டார். பெண்களும் அதை நம்பித்தான் விடியவிடிய வந்து இட்டார்கள். சரக்கு தயார். பாக்கெட்டில் ஒட்டும் ஸ்டிக்கர்தான் பாக்கி. அரபியில் எழுதிய ஸ்டிக்கர் இல்லாத பாக்கெட்டை அந்த ஊர்த் துறைமுகத்தில் இறக்க விடமாட்டார்களாம். அங்கேயே படம் போட்டு அனுப்புகிறேன், நீங்கள் அச்சடித்து ஒட்டினால் போதும் என்று துபாய்க்காரர் சொல்லியிருந்தார். அந்த வாரம் சனிக்கிழமை தூத்துக்குடியில் பெட்டி ஏற்ற வேண்டும். விட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

படம் திங்கட்கிழமைதான் கூரியரில் வந்தது. தாளாக வரவில்லை, ஒரு பிளாப்பியாக வந்தது.

எங்கள் கம்பெனியில் முதலாளி காலத்திலிருந்து ஒரு வழக்கம். புது ஆர்டர் வந்தால் அந்தத் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு நாள் வைத்திருந்துதான் எடுப்போம். முதலாளி போன பிறகு, கொழுந்தனாரின் சம்சாரம் வந்து அதைச் செய்துகொண்டிருந்தார். அக்கா செய்யக்கூடாதாம். அந்தச் சமயம் அவர்கள் குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தார்கள். அவர்கள் வரும்வரை பொறுக்க நாள் இல்லை. அக்கா தயங்கிப் பார்த்துவிட்டு, தானே செய்துவிட்டார். பிளாப்பிக்கும் நாலு மூலை இருந்தது. பின்பக்கம் திருப்பினால் நடுவில் பளபளவென்று ஒரு வட்டத் தகடு, பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி. அதில் நிறையக் குங்குமமாக வைத்துவிட்டார். நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்தத் தகட்டைச் சுற்றி இடுக்கு இருக்கிறது, பொடி அதன் வழியே உள்ளே போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

மறுநாள் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருக்கும் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். அச்சகக்காரருக்கு எதிலும் கேலிதான். பிளாப்பியைக் கையில் வாங்கியதும் சத்தம் போட்டுச் சிரித்தார்.

"என்னவே, பிளாப்பிக்குக் கல்யாணமா? மஞ்சளும் பொட்டுமா கூட்டியாந்திருக்கீரு!"

துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் போட்டார். உள்ளே ஏதோ கரகரத்தது. திரையில் ஒரு கட்டம் வந்தது.

"டிஸ்க் பார்மட் ஆகலியாம். இப்ப பண்ணவானு கேக்குது. பண்ணிரவா?"

"பண்ணினா என்ன ஆகும்?"

"சுத்தமாயிரும்."

"உள்ள இருக்கது?"

"அதுவுஞ் சேந்து சுத்தமாயிரும்."

நான் யாருக்கும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கப்பட்டவன் இல்லை. கடையில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா என்று கேட்டால்கூடத் தலையை ஆட்டிவிடுவேன். அன்றைக்கு அவருடைய விரல் பட்டன்மேல் இருந்ததைப் பார்த்ததும் "வேண்டாம் அண்ணாச்சி" என்று கையைப் பிடித்துவிட்டேன். அவரே ஆச்சரியப்பட்டுப் பார்த்தார். பிறகு பிளாப்பியை எடுத்துத் தட்டிக் காட்டினார். மேஜையில் சிவப்புப் பொடி உதிர்ந்தது.

"குங்குமம் உள்ள போயிட்டுவே. டிஸ்க் செத்துப் போச்சு. துபாய்க்குப் போன் போடச் சொல்லும்."

அக்கா பூத்தில் போய்ப் போன் போட்டார். துபாய்க்காரர் வெளியூர் போயிருந்தார். கடையில் இருந்தவர், வேறு பிளாப்பி கூரியரில் அனுப்பச் சொல்கிறேன், வந்துசேர ஒரு வாரம் ஆகும் என்றார். எங்களுக்கு ஒரு வாரம் இல்லை.

அன்றைக்குச் சாயந்திரம் கொழுந்தனார் வந்தார். திருச்செந்தூரிலிருந்து வந்ததும் வராததுமாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் எல்லாரும் இருக்கும்போதே சொன்னார்.

"மதினி, உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரியணுமா? எந்தக் கை எதுல படணும்னு ஒரு முறை இருக்குல்லா? நாங்க வாறதுவரைக்கும் பொறுக்க முடியலியோ? வந்த லட்சுமியை நீங்களே அனுப்பி வச்சிட்டிய. இனி ஆர்டர் வாங்குதது, கொடுக்குதது எல்லாம் நானே பாத்துக்கிடுதேன்."

அக்கா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைப்பதற்கு மாவு இல்லாத பிறகும். அப்பளம் இட்டுக்கொண்டிருந்த பெண்களும் குழவியை நிறுத்திவிட்டார்கள். சரக்கு போகுமா போகாதா என்பது ஒரு பக்கம். போகாவிட்டால் அது அக்காவின் கையால்தான் என்று ஆகிவிடும். கம்பெனி அவர் கையை விட்டுப் போய்விடும். அங்கே இருந்த எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

மறுநாள் காலை நான் மறுபடியும் அச்சகத்துக்குப் போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அச்சகக்காரருக்கே பாவமாகிவிட்டது போல.

"பாளையங்கோட்டையில ஒரு டீச்சர் கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்காங்க. ஊர் உலகம் எல்லாம் விண்டோஸ் வச்சிருந்தா அவங்க மட்டும் லினக்ஸுனு ஒண்ணை வச்சு மல்லுக்கட்டுதாங்க. அங்கன கொண்டு காட்டும். செத்ததைப் பொழைக்க வைக்க ஆவாதுன்னாலும், ஏன் செத்துச்சுன்னாவது சொல்லுவாங்க."

அது ஒரு மாடி. கீழே மருந்துக்கடை. மேலே நாலைந்து கம்ப்யூட்டர்கள், ஒரு கரும்பலகை. சுவரில் வேத வசனக் காலண்டர் தொங்கியது. டீச்சருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பருத்திச் சேலை, கையில் ஒரு கடிகாரம், வேறொன்றும் இல்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றேன்.

"வாங்கண்ணாச்சி, உள்ள வந்து உக்காருங்க. என்ன வேணும்?"

பிளாப்பியை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் முதலில் எனக்குப் பிடித்தது. பொட்டையும் மஞ்சளையும் பார்த்தார், பிளாப்பியின் ஓரத்தில் இருந்த ஒரு சின்னக் கட்டையை நகத்தால் நகர்த்தினார். ஒரு துளை திறந்தது.

"இனி இதுல யாராலயும் ஒண்ணும் எழுத முடியாது. படிக்க மட்டுந்தான் முடியும். நானே தப்பா எதையாவது அமுக்கிட்டாலும் இது தாங்கும்."

தன் கைக்கும் சேர்த்துப் பூட்டுப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் வேலையைத் தொடங்கி நான் பார்த்ததில்லை. யார் கொடுத்தது, எங்கிருந்து வந்தது, அச்சகத்தில் என்ன கேட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் திக்கித் திணறித்தான் பதில் வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு கம்ப்யூட்டரில் போட்டார். அதே கரகரப்பு. உடனே வெளியே எடுத்துவிட்டார்.

"பொடி இருக்கு. இப்படியே ஓட்டினா கீறிப்போடும்."

மேஜை இழுப்பறையிலிருந்து புதிய பிளாப்பி ஒன்றை எடுத்தார். அதன் விளிம்பில் மெல்லிய கத்தியைக் கொடுத்து, மொச்சைக்காயைப் பிரிப்பது போல இரண்டாகப் பிரித்தார். உள்ளே இருந்த வட்டத்தை எடுத்துத் தூர வைத்தார். எங்கள் பிளாப்பியையும் அதேபோலப் பிரித்தார். உள்ளே இருந்தது கறுப்பாக, நம் அப்பளத்தைவிட மெல்லிசாக, ஒரு வட்டம். இதற்குள்ளா அரபி எழுத்து எல்லாம் இருக்கிறது என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் கறுப்புப் பக்கத்தைத் தொடவே இல்லை. நடுத் தகட்டை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, மெல்லிய தூரிகையால் ஒரே திசையில் பையப் பையப் பொடியைத் தள்ளினார். ஊதவில்லை. எச்சில் ஈரம் படும் என்றார். பிறகு அந்த வட்டத்தைப் புதிய கூட்டுக்குள் வைத்து மூடினார். காய்ந்தும் காயாத அப்பளத்தை உடையாமல் திருப்பிப் போடுகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட கை அது.

இந்தத் தடவை கரகரக்கவில்லை. கம்ப்யூட்டர் அமைதியாகப் படித்துக்கொண்டே போனது.

"இப்ப இதை அப்படியே நகல் எடுத்தாச்சு. உள்ள என்ன இருக்குனு எனக்கும் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. பாஷை தெரியாத புஸ்தகத்தை எழுத்து எழுத்தா பாத்து எழுதிரலாம்லா? அதுதான்."

எனக்கு அது நன்றாகவே புரிந்தது. நான் பெட்டிமேல் பூசுகிற இங்கிலீஷ் அப்படித்தான்.

"அப்ப சரியாயிட்டா, டீச்சர்?"

"இல்லண்ணாச்சி. இனிமேத்தான் இருக்கு."

மவுண்ட் என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் சொன்னது இதுதான். விண்டோஸில் ஒவ்வொரு டிஸ்குக்கும் தனி வாசல். லினக்ஸில் ஒரே வீடு. புதிதாக எது வந்தாலும் அந்த வீட்டுக்குள் வெறும் அறை ஒன்றைக் காட்டி உட்கார வைக்க வேண்டும். அதுதான் மவுண்ட். வந்தவர் எந்த முறையில் சாமான் அடுக்குகிறவர் என்று வீட்டுக்குத் தெரிந்திருந்தால்தான் உட்கார வைக்கும்.

அவர் கட்டளையை அடித்தார். உடனே இங்கிலீஷில் நீளமாக ஒரு பதில் வந்தது. அவர் அதை வாய்விட்டுப் படித்து எனக்குத் தமிழில் சொன்னார்.

"வகை தப்பு, இல்லாட்டி நீ சொன்ன விதம் தப்பு, இல்லாட்டி டிஸ்கோட தலைப்பகுதி கெட்டுப்போச்சு, இல்லாட்டி ஏற்கெனவே நிறையப் பேரு உள்ள உக்காந்திருக்காங்க."

"இதுல எது?"

"அதைத்தான் சொல்ல மாட்டேங்கு. தாலுகா ஆபீஸ்ல திருப்பி அனுப்புவாங்கள்லா, அது மாதிரி. ஒவ்வொண்ணா நாமளே கழிக்கணும்."

நாலு விரலை விரித்துக்கொண்டார். உள்ளே வேறு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்று பார்த்து ஒரு விரலை மடக்கினார். தன்னிடம் இருந்த விண்டோஸ் பிளாப்பி ஒன்றை அதே கட்டளையில் போட்டார், அது ஒழுங்காக உட்கார்ந்தது. சொன்ன விதம் சரிதான் என்று இன்னொரு விரலை மடக்கினார். இரண்டு விரல்கள் மிச்சம். ஒன்று, தலைப்பகுதி கெட்டுப்போனது. எங்கள் ஊரில் எல்லாரும் சொன்னது அதைத்தான். குங்குமம். அக்காவின் கை.

டீச்சரிடம் கொழுந்தனார் கதையை நான் சொல்லியிருக்கவில்லை. அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். நகலைத் திறந்து, உள்ளே இருக்கும் எண்களையும் எழுத்துகளையும் வரிசையாகத் திரையில் ஓட விட்டார். பெரும்பாலும் புள்ளிகள், பூச்சியம். எனக்கானால் மணலைப் பார்ப்பது போல இருந்தது. அவர் ஒரு வரியைக்கூடத் தாண்டவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, "அண்ணாச்சி, இங்கன பாருங்க" என்றார்.

புள்ளிகளுக்கு நடுவில் ஐந்து எழுத்துகள். தகரத்தில் நான் தினமும் பூசுகிற எழுத்துகள். PAPAD.

"உங்க அப்பளம் உள்ளதான் இருக்கு. டிஸ்குக்குப் போட்ட பேரு இது. இது இருக்க இடந்தான் தலைப்பகுதி. ஒண்ணும் கெடல."

மூன்றாவது விரலையும் மடக்கினார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நான் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெயருக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த இரண்டு எழுத்துகளைக் காட்டி, இது மெக்கின்டோஷ் என்ற கம்ப்யூட்டர் எழுதுகிற முறை என்றார். படம் போடுகிறவர்கள் அதைத்தான் அதிகம் வைத்திருப்பார்களாம். துபாயில் படம் போட்டவரிடமும் அதுதான் இருந்திருக்கும். விண்டோஸுக்கு அந்த முறை தெரியாது. தெரியாததை எல்லாம் அது பார்மட் ஆகாதது என்று சொல்லிவிடும்.

இந்த வகை என்று பெயர் சொல்லி மறுபடி கட்டளை கொடுத்தார். பதில் சின்னதாக வந்தது. அதைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"இல்ல, இப்பவும் முடியாதுனுதான் சொல்லுது. ஆனா பாத்தியளா, இப்ப ஒரே காரணம்! இந்த வகை எனக்குச் சொல்லித் தரலேங்கு. அவ்வளவுதான். சொல்லிக் குடுத்திருவோம்."

முடியாது என்பதைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்படுகிற மனுஷியை நான் கண்டதில்லை. எங்களுக்கெல்லாம் முடியாது என்றால் திரும்பிப் போகிற பழக்கம்.

சொல்லிக் கொடுப்பது என்றால், பத்திரிகையோடு வந்த சி.டி. ஒன்றில் அதற்கான எழுத்து, அதாவது மனுஷர் எழுதி வைத்த கட்டளை வரிகள், இருக்கிறது, அதைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற துண்டாக மாற்றிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வரிகள் மளமளவென்று ஓடின. நடுவில் கரண்ட் போனது. வந்ததும் முதலிலிருந்து தொடங்கினார். துண்டு தயாரானது. சேர்க்கப் போனால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. இது என் அளவுக்குத் தைத்த சட்டை இல்லை என்று சொல்கிற மாதிரி ஒரு பதில். சாயந்திர வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பிளாப்பியைக் கையை விட்டுக் கொடுக்காதே என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். அதை எப்படிச் சொல்வது என்று நான் நெளிந்துகொண்டிருக்க, அவரே எடுத்து நீட்டினார்.

"நீங்க கொண்டு போங்கண்ணாச்சி. எனக்கு நகல் போதும். அதையே பிளாப்பினு சொல்லி உக்கார வச்சுப் பாத்துக்கிடுவேன். நாளைக்கி வாங்க."

மறுநாள் வியாழக்கிழமை. நான் போனபோது பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கரும்பலகைக்கு முன்னால் நின்று டீச்சர் தன்னுடைய தப்பைத்தான் பாடமாக நடத்திக்கொண்டிருந்தார்.

"போன மாசம் இந்தக் கம்ப்யூட்டருக்குப் புது லினக்ஸ் போட்டேன்லா? பழைய லினக்ஸோட எழுத்தைத் தூக்கிப்போடாம அங்கனயே வச்சிருந்தேன். நேத்து சி.டி.யில உள்ளதைத் துண்டாக்கினப்ப அளவு எடுத்தது அந்தப் பழைய எழுத்துல. அதான் பொருந்தல. கம்ப்யூட்டர் நேத்தே சொல்லிட்டு. நான்தான் சரியா வாசிக்கல. காலையில புதுசுக்கு அளந்து மறுபடி செஞ்சாச்சு."

பிள்ளைகளுக்கு முன்னால் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை. பக்கத்துத் தெருவுக்கு வழி சொல்வது போலச் சொன்னார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கட்டளையை அடித்தார். இந்தத் தடவை திரையில் பதிலே வரவில்லை. வெறும் கோடு மட்டும் விட்டுவிட்டு மினுங்கியது.

"ஒண்ணும் சொல்லலியே, டீச்சர்?"

"ஒண்ணும் சொல்லலேன்னா ஆயிட்டுனு அர்த்தம். இதுக்கும் வாய் கம்மி, உங்கள மாதிரி."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அந்த அறையைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்தது ஒரே ஒரு படம். பெயரின் பின்னால் விண்டோஸுக்கு வேண்டிய வால் ஒன்றைச் சேர்த்து, வேறு பிளாப்பியில் போட்டுக் கொடுத்தார். இதை அச்சகத்தில் போட்டால் திறக்கும் என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. பிள்ளைகள் எழுந்து போகட்டும் என்று காத்திருந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கொழுந்தனார் சொன்னதைச் சொன்னேன். குங்குமம் வைத்தது யார் என்றும் சொன்னேன். டீச்சர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார்.

"பொய் சொல்லக் கூடாதுண்ணாச்சி. பொடி உள்ள போனது நெசந்தான், இடைஞ்சல் பண்ணுனதும் நெசந்தான். யாரு கை போட்டாலும் பொடி பொடிதான். ஆனா பொடியை எடுத்த பொறவும் தொறக்கலியே? பொட்டே வைக்காம நேரா கொண்டு போயிருந்தாலும் அந்த விண்டோஸ் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கும். சொன்னா நம்ப மாட்டாங்க. இருங்க."

புத்தம்புதிய பிளாப்பி ஒன்றைக் கவர் பிரித்து எடுத்தார். முந்தின நாள் எடுத்த நகலை அப்படியே அதில் இறக்கி, அந்தத் துளையையும் திறந்து என் கையில் கொடுத்தார்.

"இது உங்க பிளாப்பியோட ரெட்டைப் பிள்ளை. இதுல பொட்டு இல்ல, மஞ்சள் இல்ல, யாரு கையும் படல. இதை அவங்க கண்ணு முன்னால அதே அச்சகத்துல போடச் சொல்லுங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்."

நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் என்றாரே, அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவரை மறக்க மாட்டேன்.

அச்சகத்துக்குப் போனால் கொழுந்தனார் அங்கே உட்கார்ந்திருந்தார். கடைக்குச் சரக்கு வாங்க டவுனுக்கு வந்தவர், ஸ்டிக்கர் விஷயத்தைத் தானே முடித்து வைக்க வந்திருந்தார். துபாய்க் கடையிலிருந்து பேக்ஸில் வரவழைத்த மங்கிய தாளை வைத்து எப்படியாவது அடித்துத் தரச் சொல்லி அச்சகக்காரரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏலே, எங்க சுத்திட்டு வாற?"

நான் முதலில் ரெட்டைப் பிள்ளையை அச்சகக்காரரிடம் நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போட்டார். கரகரப்பு இல்லை. ஆனால் அதே கட்டம் வந்தது. டிஸ்க் பார்மட் ஆகவில்லை, பண்ணட்டுமா?

"என்னவே இது, புதுசும் அதையே கேக்கு?"

"டீச்சர் குடுத்தாங்க. அந்தப் பிளாப்பியில உள்ளதுதான் இதுலயும். இது துபாய்ல வேற வகைக் கம்ப்யூட்டர்ல எழுதுனதாம். எந்தப் பிளாப்பியில இருந்தாலும் இந்தக் கம்ப்யூட்டர் இப்படித்தான் கேக்குமாம்." இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

அச்சகக்காரர் பிளாப்பியை வெளியே எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கொழுந்தனார் பக்கம் திரும்பினார்.

"அப்ப இதுக்கு யாரு அண்ணாச்சி பொட்டு வச்சா?"

கொழுந்தனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "ஸ்டிக்கர் ஆவுமா, அதைப் பாரும்" என்றார்.

மற்ற பிளாப்பியைப் போட்டதும் படம் திறந்தது. பச்சைக் கரையும் தங்க நிறமுமாக, நடுவில் அரபி எழுத்து. அப்படி ஒரு அழகு. எங்கள் அப்பளத்துக்கா இது என்று இருந்தது. அடுத்த சந்தேகம் அச்சகக்காரருக்கு வந்தது. இது நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா, இடவலம் மாறியிருக்கிறதா? எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. அச்சகக்காரர் வெளியே போய் மேலப்பாளையம் ஆட்டோக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் சவுதியில் இருந்தவராம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையைக் குனிந்து பார்த்தார்.

"மாஷா அல்லாஹ், நல்லா எழுதியிருக்காங்க. நேராத்தான் இருக்கு. உளுந்து மாவு, உப்பு... ஈரமில்லாத இடத்துல வைக்கவும்னு போட்டிருக்கு."

வெளியே அப்போதுதான் தூறல் விழத் தொடங்கியிருந்தது. "முதல்ல நம்ம ஊருக்கு இதைச் சொல்லணும்வே" என்றார் அச்சகக்காரர்.

அடித்து முடித்து, வெட்டி, வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்டிக்கர் கட்டோடு ஊருக்கு வந்தேன். அக்கா முதலில் ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, டீச்சர் என்ன சொன்னார் என்று கேட்டார். பொடி இடைஞ்சல் பண்ணியது நிஜம் என்பதையும் சேர்த்து, டீச்சர் சொன்னபடியே சொன்னேன்.

"யாரு கை போட்டாலும்னா சொன்னாங்க?"

"ஆமாக்கா. யாரு கை போட்டாலும் பொடி பொடிதானாம். பொட்டே வைக்காட்டாலும் தொறந்திருக்காதாம்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். "அப்பச் சரி" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒட்டத் தொடங்கினார். யாரும் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் லாரி வந்தது. ஏற்றி முடித்துச் சூடம் காட்ட வேண்டும். கொழுந்தனாரும் வந்திருந்தார், சம்சாரம் வரவில்லை. சூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இங்கேயும் அங்கேயும் பார்த்தார். பிறகு தட்டை லாரியின் படியில் வைத்துவிட்டு, தார்ப்பாய்க் கயிறு சரியாக இறுகவில்லை என்று டிரைவரைத் திட்டிக்கொண்டே பின்பக்கம் போய்விட்டார். மன்னிப்பு, அது இது என்று ஒன்றுமில்லை. அக்கா கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்து, தீக்குச்சி கிழித்து, அவரே காட்டினார். லாரி போனது. திங்கட்கிழமை வழக்கம்போல உளுந்து இடித்தார்கள். துபாய்ப் பணத்தில் மழை மாதங்களைத் தாண்டிவிட்டோம்.

அடுத்த வாரம் பாளையங்கோட்டைக்குப் போனேன். அக்கா ஒரு பெரிய பொட்டலம் அப்பளம் கொடுத்து விட்டிருந்தார். டீச்சர் வகுப்பில் இருந்தார். பிள்ளை ஒருவனுக்கு ஏதோ திறக்கவில்லை. அவர் குனிந்து நின்று, "என்ன சொல்லுதுனு முழுசா வாசி, பாதியில நிறுத்தாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பொட்டலத்தை மேஜையில் வைத்தேன். அவர் நிமிர்ந்து, "சரக்கு போயிட்டாண்ணாச்சி?" என்று கேட்டார். போய்விட்டது என்று தலையை ஆட்டினேன். வீட்டிலிருந்து வரும்போது ரயிலில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்த வார்த்தைகளைத்தான் இதில் எழுதப் பார்த்தேன். டீச்சர், நீங்கள் ஒவ்வொரு விரலாக மடக்கினீர்கள். எது காரணம், எது காரணம் இல்லை என்று பிரித்துக் காட்டினீர்கள். நாங்கள் எல்லாரும் முதலில் கண்ணில் பட்ட சிவப்பைக் காட்டிவிட்டு நின்றுவிட்டோம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

1999 டிசம்பர் 18, சனிக்கிழமை.